திலாவா: அரபிக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட பயணிகள் கப்பல்

எஸ்.எஸ். திலாவா, பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய்வந்த வணிகக் கப்பல். ஆட்களையும் ஏற்றும், சரக்கையும் ஏற்றும். 1942 நவம்பர் 23ஆம் தேதி அதிகாலை 2 மணியளவில், செஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே சுமார் 930 மைல் தொலைவில், ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலான ஐ-29 அதன்மீது டார்பிடோ விட்டது. கப்பலில் இருந்தவர்கள் 958 பேர். அவர்களில் 280 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 252 பேர் பயணிகள், 28 பேர் கப்பல் ஊழியர்கள். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள்: குஜராத்தி வியாபாரிகள், பஞ்சாபிக் குடும்பங்கள், ஆப்பிரிக்காவில் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய மனைவி மக்கள்.

இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ஹெப்பர்ன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஹாதோர்ன் லெஸ்லி நிறுவனத்தார் 1924இல் கட்டி முடித்த கப்பல் இது. மொத்தப் பதிவு டன் அளவு (கொள்ளளவு) 10,006. கூடவே கட்டப்பட்ட தங்கைக் கப்பலின் பெயர் தலம்பா. இரண்டும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். ‘பி.ஐ.’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தக் கம்பெனியைத் தமிழ் வாசகருக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்து, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிப்போன ரஜூலாவும் ரோனாவும் பி.ஐ. கப்பல்கள்தான். ரோனாவைக் கட்டியதும் அதே ஹெப்பர்ன் கப்பல் கட்டுந்தளம்தான். மலாயாவுக்குப் போய்வந்த தமிழர்கள் ரஜூலாவில் எப்படிப் பயணம் செய்தார்களோ, ஏறக்குறைய அப்படித்தான் குஜராத்திகள் திலாவாவில் பயணம் செய்தார்கள்.

இந்தக் கப்பல்களில் டெக் டிக்கெட் என்று ஒன்று உண்டு. அதை எடுத்தவருக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் படுக்கையை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் அந்த அளவு இடம்தான் கரை சேரும்வரை வீடு. பக்கத்தில் படுத்திருப்பவர் யார், எந்த ஊர், யார் வீட்டுக்குப் போகிறார் என்பதெல்லாம் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம். அந்த இரவில் ஆபத்து வந்தபோது ஏராளமானோர் குடும்பம் குடும்பமாக, மூட்டை முடிச்சுகளோடு, தாழ்ந்த தளங்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

போர்க்காலத்தில் ஏன் கடலேறினார்கள் என்று இன்று கேட்பது எளிது. மொம்பாசாவிலும் டர்பனிலும் கடை நடத்தியவர்கள், கல்யாணத்துக்கோ பெற்றோரைப் பார்க்கவோ ஊருக்கு வந்தவர்கள், திரும்பிப் போயாக வேண்டும். கப்பல்களில் பெரும்பகுதியை இராணுவம் எடுத்துக்கொண்டிருந்ததால், கிடைத்த கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல ஆளில்லை. நவம்பர் 20ஆம் தேதி திலாவா பம்பாயிலிருந்து கிளம்பியது. மொம்பாசா, லூரன்சு மார்க்கெஸ் (இன்றைய மபூட்டோ), டர்பன் என்பது வழித்தடம். 732 பயணிகள், 222 ஊழியர்கள், 4 பீரங்கி வீரர்கள். துணைக்குப் போர்க்கப்பல் எதுவும் இல்லை. அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் ஜெர்மானியரோடு போராடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படையிடம், இந்துமாக்கடலில் ஓடும் ஒவ்வொரு கப்பலுக்கும் காவல் அனுப்பக் கலங்கள் போதவில்லை.

சரக்கு 6,472 டன். அதில் 60 டன் வெள்ளி. தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அச்சிடுவதற்காக வாங்கிய 2,364 கட்டிகள். இதைப் பயணிகளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெள்ளியின் கதை 75 ஆண்டுகள் கழித்துத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதைப் பிறகு பார்க்கலாம்.

1942ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே இந்துமாக்கடல் போர்க்களமாக மாறியிருந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் அந்தமான் போனது. ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ஜப்பானின் பெரிய கடற்படை அதற்குப் பிறகு பசிபிக் பக்கம் திரும்பிவிட்டாலும் நீர்மூழ்கிகள் பினாங்கில் தளம் அமைத்துக்கொண்டு தங்கிவிட்டன. அங்கிருந்து வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் வேட்டைக்குப் புறப்பட்டன.

ஐ-29 அவற்றில் ஒன்று. ஏறத்தாழ 109 மீட்டர் நீளம். முன்பக்கத்தில் 6 டார்பிடோக் குழாய்கள், கையிருப்பில் 17 டார்பிடோக்கள். மேல்தளத்தில் நீர் புகாத ஒரு கூடு. அதற்குள் சிறகு மடித்து வைக்கப்பட்ட சிறிய கடல் விமானம். 1942 மே மாதம் இந்த நீர்மூழ்கியின் விமானம் ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்துக்கு மேலே பறந்து உளவு பார்த்துவிட்டுத் திரும்பியது. செப்டம்பரில் அரபிக் கடல் பகுதிக்கு வந்து ஹேர்ஸ்ஃபீல்டு, ஓஷன் ஆனர், பால் லக்கன்பாக் முதலான வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. அப்போது அதன் தளபதி ஜூய்ச்சி இஸு.

ஜப்பானிய நீர்மூழ்கிகள் சுமந்த 95ஆம் வகை டார்பிடோ அந்தக் காலத்தில் உலகிலேயே சிறந்தவற்றுள் ஒன்று. மற்ற நாடுகளின் டார்பிடோக்கள் அழுத்தப்பட்ட காற்றிலோ மின்கலத்திலோ ஓடின. இது தூய ஆக்சிஜனில் ஓடியது. அதனால் வேகம் அதிகம்; பின்னால் குமிழித் தடம் அநேகமாகத் தெரியாது. தலைப்பகுதியில் 405 கிலோ வெடிமருந்து. நிலவொளியில் காவல் நிற்கும் மாலுமியின் கண்ணுக்கு அது பட வாய்ப்பு மிகக் குறைவு.

முதல் டார்பிடோ தாக்கியதும் கப்பல் அதிர்ந்தது. ஆனால் உடனே மூழ்கவில்லை. உயிர்ச்சேதத்தில் கணிசமான பங்கு இந்த இடைவெளியில்தான் ஏற்பட்டது. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்தவர்கள் படிகளில் நெரிந்தார்கள். பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று இருட்டில் பிரிந்துபோனார்கள். உயிர்காப்புப் படகை இறக்குவது பழகிய கைகளுக்கே நிதானம் வேண்டிய வேலை. படகின் இரு முனைகளையும் தாங்கும் வடங்களை ஒரே சீராக விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு முனை வேகமாக இறங்கினால் படகு செங்குத்தாகத் தொங்கும். உள்ளே இருப்பவர்கள் கடலில் கொட்டப்படுவார்கள். மேலே இருந்து ஆட்கள் தாவிக் குதித்துக்கொண்டிருக்கும்போது அந்த நிதானத்துக்கு வழியே இல்லை. சில படகுகள் கவிழ்ந்தன. கயிற்றைப் பிடித்து இறங்கியவர்கள் உள்ளங்கை தோல் உரிந்து நீரில் விழுந்தார்கள்.

கொஞ்ச நேரம் போனது. கப்பல் மிதந்துகொண்டே இருந்தது. பதற்றம் சற்று அடங்கியது. தண்ணீரில் படகுகளிலும் மிதவைகளிலும் இருந்தவர்களுக்கு, அவசரப்பட்டு இறங்கிவிட்டோமோ என்ற எண்ணம் வந்தது. இருட்டில், நடுக்கடலில், பெரிய கப்பல் கண்ணெதிரே நேராக நிற்கும்போது அப்படித் தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. பலர் கப்பலை நோக்கித் திரும்பினார்கள். சிலர் மறுபடி ஏறவும் செய்தார்கள். அந்த நேரத்தில் இரண்டாவது டார்பிடோ வந்தது. அதற்குப் பிறகு திலாவா நிற்கவில்லை. ஏறியவர்களையும் இறங்காமல் இருந்தவர்களையும் சேர்த்துக் கொண்டுபோனது.

நீர்மூழ்கித் தளபதியின் கணக்கில் இரண்டாவது டார்பிடோ என்பது முடிக்காமல் விட்ட வேலையை முடிப்பது. 10,000 டன் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டால் அது மீண்டும் எதிரிக்குப் பயன்படும். தளத்தில் பச்சைக் குழந்தைகள் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி. முன்னெச்சரிக்கை தராமல், ஆட்களை இறக்கிவிடாமல் வணிகக் கப்பலை மூழ்கடிக்கக் கூடாது என்ற விதியை 1936ஆம் ஆண்டின் லண்டன் நெறிமுறை எழுதிவைத்திருந்தது. போர் மூண்டதும் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகிய எல்லாக் கடற்படைகளுமே அதைக் காற்றில் பறக்கவிட்டன. ஐ-29 மட்டும் தனியாகச் செய்த குற்றமாக இதை எழுதுவது நேர்மையாகாது. அதற்காகக் குற்றம் இல்லை என்றும் ஆகிவிடாது.

கம்பியில்லாத் தந்தி அறையில் முதல் அதிகாரியாக இருந்தவர் டங்கன். நீர்மூழ்கி தாக்குதல் என்பதற்கு அப்போது வணிகக் கப்பல்கள் ‘எஸ்’ என்ற எழுத்தைத் தொடர்ச்சியாக நான்கு முறை அனுப்ப வேண்டும். கூடவே கப்பலின் பெயரும் இருக்கும் இடமும். கப்பல் சாயும்வரை அவர் அனுப்பிக்கொண்டே இருந்தார், கப்பலோடு போனார். பிழைத்த 678 பேரும் பிழைத்ததற்கு முதல் காரணம் அவர் தட்டிய அந்தச் செய்திதான். கரையிலிருந்து அவ்வளவு தொலைவில், தேடி வர வேண்டிய இடம் இன்னதென்று யாருக்கும் தெரியாமல் போயிருந்தால், படகில் இருந்த தண்ணீர் தீர்ந்தபின் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

உதவி வர ஏறக்குறைய இரண்டு நாள் ஆயிற்று. அக்காலத்துப் பிரிட்டிஷ் உயிர்காப்புப் படகுகளில் கெட்டி பிஸ்கட், பதப்படுத்திய இறைச்சிக் கூழ், மால்ட் பால் மாத்திரை, பீப்பாய்த் தண்ணீர் ஆகியவற்றை வைத்திருப்பார்கள். இறைச்சியைத் தொடாத குஜராத்தி, ஜைனக் குடும்பங்களுக்கு அதில் பாதி பயனில்லை. பகலில் வெயில், இரவில் ஈரத்துணியோடு குளிர். கொள்ளளவுக்கு மேல் ஆள் ஏறிய படகுகளில் ஓயாமல் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும். படகு கிடைக்காதவர்கள் மிதவைகளையும் மரத்துண்டுகளையும் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

நவம்பர் 25ஆம் தேதி எச்.எம்.எஸ். பர்மிங்ஹாம் என்ற இலகுரகப் போர்க்கப்பல் அந்த இடத்தை அடைந்தது. பிழைத்தவர்களில் ஏறத்தாழ எல்லாரையும் தூக்கியது அதுதான். மிகச் சிலரைக் கார்த்தேஜ் என்ற கப்பல் மீட்டது. போர்க்கப்பலின் தளத்தில் சேலை கட்டிய பெண்களும் குழந்தைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த காட்சி அந்த மாலுமிகளுக்குப் புதிது. 27ஆம் தேதி கப்பல் பம்பாய் திரும்பியது. ஒரு வாரத்துக்கு முன் கையசைத்து வழியனுப்பிய அதே ஊர். கட்டிய துணியைத் தவிர எதுவும் இல்லாமல் இறங்கியவர்கள் அங்கிருந்து தங்கள் சொந்த ஊர்களுக்குப் போனார்கள். யார் வீட்டில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்ற கணக்கு அந்தந்த ஊருக்கே தெரிந்தது. செய்தித் தணிக்கை கடுமையாக இருந்த காலம். போதாக்குறைக்கு ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் தலைவர்கள் சிறையில் இருந்த ஆண்டு. நடுக்கடலில் மூழ்கிய ஒரு பயணிகள் கப்பலுக்காகப் பொதுவில் அழ நாட்டுக்கு நேரம் இருக்கவில்லை.

உலகத்தின் நினைவு எதைப் பிடித்துக்கொள்ளும், எதை விட்டுவிடும் என்பதில் நியாயம் எதுவும் இல்லை. திலாவா மூழ்கிய அதே 1942 நவம்பர் 23ஆம் தேதி அட்லாண்டிக்கில் பென்லோமண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதில் பிழைத்த ஒரே ஆளான சீன மாலுமி பூன் லிம், ஒரு மரமிதவையில் தனியாக 133 நாள் உயிரோடு இருந்து மீட்கப்பட்டார். அவருடைய பெயர் சாதனைப் புத்தகங்களில் ஏறியது. திலாவாவின் கதை குடும்பங்களுக்குள்ளேயே தங்கியது. அப்போது மூன்று வயதுச் சிறுவனாகத் தாயோடு படகில் இருந்த ஒருவர், முதியவரான பின் அதைப் பற்றிப் பேசினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னதுதான். ஒன்பது வயதில் பிழைத்த பஞ்சாபிப் பெண் ஒருவர் தாயையும் உடன்பிறந்தவர்களையும் அந்த இரவில் இழந்தார். அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்தும் அவரே சொன்னார்.

இந்தியர்களுக்கு ஐ-29 என்ற பெயர் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். 1943 பிப்ரவரியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்ற நீர்மூழ்கியில், தன் உதவியாளர் ஆபித் ஹசனுடன் ரகசியமாகப் புறப்பட்டார். வழியில் ஏப்ரல் 18ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவுக்கு அப்பால், யு-180 பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலான கார்பிஸை மூழ்கடித்தது. போஸ் அப்போது நீர்மூழ்கிக்குள் இருந்தார். பத்து நாள் கழித்து மடகாஸ்கர் அருகே அவரை ஏற்றிக்கொள்ளக் காத்திருந்தது ஐ-29. கடல் கொந்தளிப்பாக இருந்ததால் ரப்பர்ப் படகில் நனைந்தபடியே அவர் கலம் மாறினார். மே 6ஆம் தேதி சுமத்ராவுக்கு வடக்கே உள்ள சபாங்கில் இறங்கினார். அப்போதும் தளபதி இஸுதான். ஐந்து மாதத்துக்கு முன் இந்தியக் குடும்பங்களைக் கடலில் தள்ளிய அதே ஆட்கள், அதே குழாய்கள். விருந்தாளிக்கு மரியாதையாக நல்ல உணவு பரிமாறினார்கள். அந்தக் கலம் திலாவாவை மூழ்கடித்தது போஸுக்குத் தெரிந்திருந்ததாக எந்தப் பதிவும் காட்டவில்லை.

அதன்பின் ஐ-29, கினாஷி என்ற புகழ்பெற்ற தளபதியின் கீழ், பிரான்சின் லோரியாங் துறைமுகம்வரை போய் ஜெர்மானியத் தொழில்நுட்பச் சரக்கோடு திரும்பியது. 1944 ஜூலை 26ஆம் தேதி, ஜப்பானை நெருங்கும் வேளையில், பிலிப்பைன்ஸின் வடபகுதியில் பலிந்தாங் கால்வாயில் அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷ் அதை டார்பிடோவால் அடித்தது. பி.ஐ. கம்பெனியின் கப்பல்களும் தப்பவில்லை. மருத்துவக் கப்பலாக மாற்றப்பட்ட தலம்பா 1943 ஜூலையில் சிசிலிக்கு அருகே விமானத் தாக்குதலில் மூழ்கியது. நாகப்பட்டினத்துக்காரர்கள் அறிந்த ரோனா, அதே ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி அமெரிக்கப் படைவீரர்களோடு மத்தியதரைக் கடலில் அழிந்தது. அதில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ரஜூலா மட்டும் தப்பி 1970கள்வரை ஓடியது.

இனி வெள்ளி. திலாவா கிடக்கும் ஆழம் சுமார் 2.5 கிலோமீட்டர். 2017இல் அர்ஜென்டம் எக்ஸ்ப்ளொரேஷன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அந்த ஆழத்திலிருந்து 2,364 கட்டிகளையும் எடுத்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குக் கொண்டுவந்தது. மதிப்பு ஏறத்தாழ 4.3 கோடி டாலர். வெள்ளி எங்களுடையது என்றது தென்னாப்பிரிக்கா. எடுத்த கூலி வேண்டும் என்றது நிறுவனம். இறையாண்மை உள்ள ஒரு நாட்டின் சொத்தின்மேல் பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியுமா என்பதுதான் சட்டக் கேள்வி. 1942இல் அந்த வெள்ளி வணிக நோக்கத்துக்காகப் பயன்பாட்டில் இருந்ததா என்பதைப் பொறுத்தது அதன் விடை. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தன. 2024 மே மாதம் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் மாற்றிச் சொன்னது: கப்பலின் அடியில் சும்மா கிடக்கும் சரக்கு எதற்கும் பயன்படுத்தப்படவில்லை, ஆகவே தென்னாப்பிரிக்காவுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தீர்ப்புக்குச் சற்று முன்பே இரு தரப்பும் சமரசத்துக்கு வந்துவிட்டிருந்தன. மனிதர்களைப் பற்றி யாரும் அவ்வளவு தாள் செலவழித்ததில்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் பணியாற்றிய இந்திய மாலுமிகள் சுமார் 6,600 பேர் இறந்தார்கள். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் மும்பையில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்திலும் வங்கதேசத்தின் சட்டோகிராமிலும் நினைவு ஏடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன. அவை மாலுமிகளுக்கான ஏடுகள். டெக் டிக்கெட் எடுத்துப் போனவர்களுக்கு அவற்றில் இடமில்லை. அந்தக் குறையை நிரப்பியவர்கள் இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பல நாடுகளில் சிதறிக் கிடந்த குடும்பங்களைத் தேடிப் பிடித்து, பெயர்ப்பட்டியலையும் புகைப்படங்களையும் திரட்டி, 2022 நவம்பர் 23ஆம் தேதி, 80ஆம் ஆண்டு நிறைவில், மும்பையில் நினைவுக்கூட்டம் நடத்தினார்கள்.

நேதாஜியின் நீர்மூழ்கிப் பயணத்தை நம் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்டு வளர்கிறார்கள், அது சரியே. அந்தக் கதையில் ஐ-29 என்ற பெயர் வரும் இடத்தில், அதனால் திலாவாவில் இறந்த 280 பயணிகளையும் ஊழியர்களையும் பற்றி ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பாடநூல் எழுதுவோர் அதைச் செய்ய வேண்டும்.